கம்பி தெரியட்டும், தேவதை இறங்கட்டும்: அமெரிக்க நாடகமும் பின்நவீனத்துவமும்

பின்நவீனத்துவம்னு யாராவது வாயெடுத்தாலே இங்க ரெண்டு பேச்சுதான் வரும். ஒண்ணு, அதெல்லாம் புரியாம எழுதறவங்க பண்ற வேலைன்னு தள்ளிவிடறது. இன்னொண்ணு, கைடுல இருக்கறதை அப்படியே ஒப்பிக்கறது, துண்டு துண்டா கதை சொல்றது, பழைய பாணிகளை எடுத்து ஒட்டற பாஸ்டிஷ், எல்லாத்தையும் ஒரே கதையில விளக்கிடற பெருங்கதையாடல்களோட வீழ்ச்சி, மேடைக்கும் பாக்கறவங்களுக்கும் நடுவுல இருக்கறதா நெனைச்சுக்கற நாலாவது சுவரை உடைக்கறது, முடிஞ்சுது, பதினஞ்சு மார்க். எங்க தெருவுல எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கற பொண்ணு ஒருத்தி அமெரிக்கன் டிராமா பேப்பர் நோட்ஸை எடுத்துட்டு வந்து, "அக்கா, நடிகர் நடுவுல நின்னு நம்மகிட்ட பேசினாருன்னா ஜனங்களுக்கு அழுகை வராதாமா, உணர்ச்சி அறுந்து போயிருமாமா, அதுக்கோசரம்தான் அப்படிப் பண்றாங்களாமா, நெசமாக்கா?"ன்னு கேட்டா. இல்ல கண்ணு, அப்படி இல்லன்னு அவகிட்ட வாயால சொன்னதை இங்க கொஞ்சம் விரிச்சு எழுதறேன், ஏன்னா இந்த நாடகங்க மேல எனக்குப் பெரிய பிரியம், இதுகளை வெறும் தந்திர விளையாட்டா சொல்லி முடிச்சுடறதைக் கேட்டா மனசு தாங்கறதில்ல.

கேரளாவுல பாலக்காட்டு எல்லையில கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இந்தச் சந்தேகம் வரவே கூடாது. எங்க பக்கத்துக் கூத்தான பொறாட்டு நாடகம் பாத்தவங்களுக்குத் தெரியும், வேஷக்காரர் பாடி ஆடிக்கிட்டே உள்ள வருவார், பாட்டுல பாதி தமிழ் பாதி மலையாளம், வந்து நின்னதும் சோத்தியக்காரன்னு ஒருத்தர் மறிச்சுக்குவார், நீ யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தேன்னு குடைஞ்சு குடைஞ்சு கேப்பார், நமக்குப் பதிலா அவர் கேக்கறாப்ல இருக்கும். குறத்தி வேஷம் கட்டியிருக்கறது ஆம்பளைன்னு கூட்டத்துல இருக்கற சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். அதனால யாருக்கும் கதை அறுந்து போறதில்ல. குறத்தி புருஷனைத் தேடி வந்த கதையைச் சொல்ல ஆரம்பிச்சா அதுவரைக்கும் சிரிச்சிட்டிருந்த கூட்டம் காது குடுத்துக் கேக்கத்தான் செய்யும்.

ஆனா உடனே "பாத்தீங்களா, அமெரிக்காக்காரன் இப்ப கண்டுபிடிச்சதை நம்ம பாட்டன் அப்பவே பண்ணிட்டான்"னு கிளம்பிடக் கூடாது. அது தப்பு. வெளியில பாக்க ஒண்ணு மாதிரி இருக்கு, உள்ள இருக்கற காரணம் வேற. நம்ம கூத்துல கதை எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அதை யாரும் சந்தேகப்படறதில்ல, அந்தத் தைரியத்துலதான் நடுவுல நிறுத்தி விளையாட முடியுது. அமெரிக்க நாடகத்துல 1970க்கு அப்பறம் நடந்தது நேர் எதிர், இத்தனை நாளா சொல்லிட்டு வந்த கதை மேலயே நம்பிக்கை போன பின்னால, இந்தக் கதையை யாரு சொன்னா, யாரை விட்டுட்டுச் சொன்னான்னு கேக்கறதுக்கு மேடையை நிறுத்தறாங்க.

இந்த வித்தியாசம் புரியறதுக்கு, அதுக்கு முன்னாடி வந்த தோர்ன்டன் வைல்டரோட அவர் டவுனைப் பாக்கலாம். 1938ல வந்த நாடகம், செட்டே கிடையாது, ரெண்டு மேஜை கொஞ்சம் நாற்காலி, ஸ்டேஜ் மேனேஜர்னு ஒரு பாத்திரம் நம்மகிட்ட நேரா பேசுவார், இந்தப் பையன் பின்னால சண்டையில சாகப் போறான்னு முன்னாடியே சொல்லிடுவார். சுவரை உடைக்கறதுதான் பின்நவீனத்துவம்னா அது 1938லயே வந்தாச்சு, இத்தாலியில பிராண்டெல்லோ 1921லயே பண்ணியாச்சு. ஆனா வைல்டரோட ஸ்டேஜ் மேனேஜருக்கு எல்லாம் தெரியும், அவர் சொன்னா சொன்னதுதான், அந்தச் சின்ன ஊரு உலகத்துல இருக்கற எல்லா ஊருக்கும் பொதுன்னு நாடகம் நம்புது. எல்லா ஊரும்னா எது எது, அதுல கறுப்பர் தெரு இருக்கா, அப்படின்னு அங்க யாரும் கேக்கறதில்ல. நாடகம் அழகான நாடகம், மூணாவது அங்கத்துல எமிலி செத்த பின்னால தன்னோட ஒரே ஒரு நாளைத் திரும்பப் பாக்கப் போற இடத்துல நான் அழுதிருக்கேன், அதுல மாத்துக் கருத்து இல்ல. இருந்தாலும் அந்தக் கேள்வி பாக்கி நிக்குது.

நியூயார்க்ல வூஸ்டர் குரூப்னு ஒரு குழு, எலிசபெத் லெகாம்ப்ட் இயக்குநர், பெர்ஃபார்மிங் காராஜ்னு ஒரு பழைய கட்டிடத்துல நாடகம் போடறவங்க, அவங்க 1981ல இதே அவர் டவுனை எடுத்து ரூட் 1 அண்ட் 9னு ஒண்ணு போட்டாங்க. வைல்டரோட காட்சிகளை டிவி மானிட்டர்ல சீரியல் மாதிரி ஓட விட்டு, மேடையில வெள்ளைக்கார நடிகருங்க முகத்துல கரி பூசிக்கிட்டு பழைய கறுப்பு நகைச்சுவைத் துணுக்குகளைச் செஞ்சாங்க. பெரிய சண்டையாச்சு, மாநிலக் கலை கவுன்சில் அவங்க நிதியை வெட்டுச்சு. என்னைக் கேட்டா கேள்வி சரி, பண்ணின விதம் சரியில்ல, ஒருத்தரோட அவமானத்தை எடுத்துக் காட்டோணும்னா அந்த ஒருத்தர் அந்த அறையில இருக்கோணும். அதுக்கு அடுத்து ஆர்தர் மில்லரோட தி க்ரூசிபிளைத் துண்டு போட்டு எல்.எஸ்.டி.ன்னு ஒண்ணு பண்ணினாங்க, மில்லர் ஒத்துக்கல, வக்கீல் மூலமா எதிர்ப்பு வந்து கடைசியில நிறுத்த வேண்டியதாப் போச்சு. எழுதினவர் பெருசா, எடுத்து ஆடறவங்க பெருசாங்கற சண்டை இன்னைக்கு வரைக்கும் தீரல.

தியரி பக்கம் ரொம்பப் போக வேண்டாம். பிரெஞ்சு தத்துவக்காரர் லியோதார் 1979ல கனடாவுல கியூபெக் அரசாங்கம் கேட்டு எழுதிக் குடுத்த ஒரு ரிப்போர்ட்லதான் பெருங்கதையாடல் மேல நம்பிக்கை போயிருச்சுங்கற பேச்சு வருது. அமெரிக்க மார்க்சிய விமர்சகர் ஜேம்சன் 1984ல எதிர்ப்பக்கம் நின்னு, இதெல்லாம் முதலாளித்துவத்தோட பண்பாடு, பழசை எடுத்து ஒட்டறாங்க, அதுல கிண்டலும் இல்ல கோவமும் இல்ல, வெறும் நகல்னு சொன்னார். நம்ம தமிழ்லயும் தொண்ணூறுகள்ல நிறப்பிரிகை மாதிரி சிறுபத்திரிகைகள்ல இதுக்காக அடிச்சுக்கிட்டாங்க, கட்டுடைத்தல், கதையாடல்ங்கற வார்த்தையெல்லாம் அப்ப புழக்கத்துக்கு வந்ததுதான். இந்த அளவு தெரிஞ்சா போதும், மிச்சத்தை நாடகமே சொல்லும்.

டோனி குஷ்னரோட ஏஞ்சல்ஸ் இன் அமெரிக்காவுக்கு வர்றேன். ரெண்டு பாகம், சேத்துப் பாத்தா ஏழு மணி நேரத்துக்கு மேல, ராத்திரி முச்சூடும் கூத்துப் பாத்த ஜனத்துக்கு அது ஒரு நீளமே இல்ல. கதை நடக்கறது 1985ல, எய்ட்ஸ் வந்து பசங்க கொத்துக் கொத்தா சாகறாங்க, ரீகன் அரசாங்கம் வாயே திறக்கறதில்ல. எட்டே எட்டு நடிகருங்க அத்தனை பாத்திரத்தையும் பண்றாங்க, நாடகம் ஆரம்பிக்கறப்ப பேசற வயசான ரப்பியா, அதாவது யூத மதகுருவா வர்றது ஒரு நடிகை, அதே நடிகை அப்பறம் மார்மன்ங்கற கிறிஸ்தவப் பிரிவைச் சேந்த ஒரு அம்மாவா வருவாங்க. ப்ரையர்னு ஒரு பையன், நோய் வந்துச்சுன்னு தெரிஞ்சதும் கூட இருந்தவன் பயந்து விட்டுட்டுப் போயிட்டான், தனியா கெடக்கறான், முதல் பாகத்தோட முடிவுல கூரையைப் பிச்சுக்கிட்டு ஒரு தேவதை இறங்கி வருது. அது வர்றப்ப அந்தப் பையன் நடுங்கிக்கிட்டே இது ஸ்பீல்பெர்க் படம் மாதிரி இருக்கேன்னு சொல்றான். படத்தைக் காப்பியடிச்ச காட்சின்னு நாடகமே ஒத்துக்குது, ஒத்துக்கிட்டும் நமக்கு மயிர்க்கூச்செறியுது. குஷ்னர் புத்தகத்துல நாடகம் போடறவங்களுக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கார், தேவதை தொங்கற கம்பி தெரிஞ்சா பரவாயில்ல, தெரிஞ்சா நல்லதுகூட, ஆனா பாக்கறவங்க அதே நேரம் அசந்து போகோணும்னு. என்னைப் பொறுத்தவரை மொத்த விஷயமும் இந்தக் குறிப்புல இருக்கு. கம்பியை மறைச்சா பொய், கம்பியை மட்டும் காட்டினா வறட்டுத்தனம், ரெண்டையும் சேத்துப் பிடிக்கறது பெரிய காரியம்.

இதே நாடகத்துல ராய் கோன்னு ஒருத்தர் வர்றார், நெசமா வாழ்ந்த வக்கீல், ரஷ்யாவுக்கு உளவு பாத்தாங்கன்னு 1951ல நடந்த ரோசன்பர்க் தம்பதி வழக்குல அரசுத் தரப்புல நின்னவர், 1953ல அவங்க ரெண்டு பேரையும் மின்சார நாற்காலியில உக்கார வெச்சுக் கொன்னாங்க. அந்தக் கோன் 1986ல எய்ட்ஸ்ல செத்தார், கடைசி வரைக்கும் கல்லீரல் கேன்சர்னே சொல்லிட்டு இருந்தார். குஷ்னர் என்ன பண்றார்னா அவர் சாகக் கெடக்கற ஆஸ்பத்திரி அறைக்கு அந்தத் தம்பதியில மனைவி எத்தல் ரோசன்பர்க்கோட ஆவியைக் கொண்டு வந்து பக்கத்துல உக்கார வெக்கறார். ரெண்டாம் பாகத்துல கோன் செத்தப்பறம் பெலீஸ்ங்கற நர்ஸ், இந்தாளுக்குப் பிரார்த்தனை சொல்லுன்னு, ப்ரையரை விட்டுட்டுப் போன அந்த லூயிசைக் கேக்கறான். லூயிஸ் யூதன்தான், ஆனா இறந்தவங்களுக்குச் சொல்ற கதீஷ் அவனுக்கு மறந்து போச்சு, திக்கறான், அப்ப அந்த எத்தல் வந்து நின்னு, தன்னைக் கொல்ல வெச்சவனுக்காக, ஒவ்வொரு வரியா எடுத்துக் குடுக்கறா, அவன் திரும்பச் சொல்றான். முடிச்சதும் ரெண்டு பேரும் சேந்து அந்தப் பொணத்தைப் பாத்து ஒரு கெட்ட வார்த்தை. மன்னிப்பும் இருக்கு, மன்னிக்காததும் இருக்கு, ஒண்ணு இன்னொண்ணை அழிக்கறதில்ல. வரலாற்றையும் ஆவியையும் கலக்கறது பின்நவீனத்துவ உத்தின்னு நோட்ஸ்ல எழுதிக்கலாம், ஆனா செத்தவளுக்கு ஒரு வாய் குடுக்கறதுக்கு அந்த உத்தி இல்லாம வேற வழி ஏது? நேர்க்கோட்டு யதார்த்த நாடகத்துல எத்தல் 1953லயே முடிஞ்சு போனவ, அவளுக்கு அந்த அறைக்குள்ள வர வழியே கிடையாது.

நாடகம் எழுதறவங்கள்ல எனக்கு எல்லாரையும் விட நெருக்கம் சூசன்-லோரி பார்க்ஸ்தான். ஆபிரகாம் லிங்கனை 1865 ஏப்ரல் 14ந்தேதி சுட்டது எங்க? நாடகக் கொட்டகையில. சுட்டவன் ஜான் வில்க்ஸ் பூத், தொழில்ல நடிகன். லிங்கன் பாத்துட்டிருந்தது ஒரு காமெடி நாடகம். அமெரிக்க நாடகத்துக்கு இதை விட்டு ஒரு பொருள் கெடைக்குமா, பார்க்ஸ் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. 1994ல மேடையேறின தி அமெரிக்கா ப்ளேயில லிங்கன் சாயல்ல இருக்கற ஒரு கறுப்பர், குழி வெட்டற தொழில்காரர், லிங்கன் வேஷம் போட்டு உக்காந்திருக்கார், ஜனங்க ஒரு பென்னி குடுத்துட்டு வந்து அவரைச் சுட்டு விளையாடிட்டுப் போறாங்க, ஒருத்தர் மாத்தி ஒருத்தர், ஒவ்வொரு தடவையும் அவர் சாயறார், எந்திரிக்கறார், தாடியைச் சரி பண்ணிக்கறார், அடுத்த ஆள். நாடகம் நடக்கற இடம் ஒரு பெரிய குழி, வரலாற்றோட மாபெரும் குழின்னு ஒரு இடம் இருக்கே, அதோட அச்சு அசல் நகல்னு எழுதியிருக்காங்க. ரெண்டாவது பாதியில அவர் பொண்டாட்டியும் மகனும் அந்தக் குழிக்குள்ள எறங்கித் தோண்டிட்டே இருக்காங்க, அப்பன் எங்கன்னு.

வரலாற்றுல ஒரு குழி, அதுக்குள்ள நம்ம ஆளுங்க. இதைப் படிச்சப்ப எனக்கு எங்க ஊருதான் ஞாபகம் வந்துச்சு. 1956ல மாநில எல்லைக் கோடு போட்டாங்க, நாங்க இந்தப் பக்கம். கேரளாவோட கதையைச் சொல்றவங்களுக்கு நாங்க தமிழ் பேசற ஓரம், தமிழ்நாட்டுக் கதையைச் சொல்றவங்களுக்கு வாளையாறு தாண்டினா கதை முடிஞ்சுது. அடிமையா வித்து வாங்கின ஜனத்தோட காயத்தையும் எங்க நெலமையையும் ஒண்ணா வெக்கல, வெக்கவும் கூடாது, அளவே வேற. ஆனா எழுதி வெச்ச கதையில நம்ம பேரு இல்லாதப்ப, இருக்கறதை வெச்சு நாமளே ஒண்ணு கட்டி ஆடிப் பாக்கோணும்னு பார்க்ஸ் சொல்றது இங்க இருந்து கேட்டா நல்லாவே புரியுது. ரிப்பீட், ரிவைஸ்னு அவங்க ஒரு முறை வெச்சிருக்காங்க, ஜாஸ் இசையில இருந்து எடுத்தது, அதே வரி திரும்பத் திரும்ப வரும், ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் நகர்ந்திருக்கும். எழவு வீட்டுல ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு அது புதுசே இல்ல.

2001ல வந்த டாப்டாக்/அண்டர்டாக்ல அந்தக் குழி சுருங்கி ஒரு வாடகை ரூமா ஆயிடுது. அண்ணன் பேரு லிங்கன், தம்பி பேரு பூத், அப்பன் விளையாட்டுக்கு வெச்ச பேரு. அப்பனும் ஆத்தாளும் ஆளுக்கொரு பக்கம் விட்டுட்டுப் போயிட்டாங்க. அண்ணனுக்கு வேலை என்னன்னா ஒரு விளையாட்டுக் கூடத்துல மூஞ்சிக்கு வெள்ளை பூசி, தாடி ஒட்டி, கோட்டும் உயரத் தொப்பியும் போட்டு லிங்கனா உக்காந்திருக்கறது, காசு குடுத்தவங்க பின்னால வந்து பொம்மைத் துப்பாக்கியால சுடுவாங்க. அவனுக்கு முன்னாடி அந்த வேலையில இருந்த வெள்ளைக்காரனுக்குக் குடுத்ததை விட இவனுக்குச் சம்பளம் கம்மி. பயம் என்னன்னா, எப்ப வேணாலும் ஒரு மெழுகு பொம்மையை வாங்கி அந்த நாற்காலியில வெச்சுட்டு இவனை அனுப்பிடுவாங்க, கடைசியில அதுதான் நடக்குது. தம்பிக்கு ஆசை, மூணு சீட்டைக் கவுத்துப் போட்டு மாத்தி மாத்தி நகத்தி ஆளை ஏமாத்தற தெரு விளையாட்டுல பெரிய கையாகோணும்னு, அண்ணன் ஒரு காலத்துல அதுல புலி. ரெண்டு பேரு, ஒரு ரூம், ஒரு கட்டில், அதைத் தவிர ஒண்ணுமில்ல. முடிவு என்னன்னு பேரைக் கேட்டப்பவே நமக்குத் தெரியும், தெரிஞ்சும் அந்தக் குண்டு வெடிக்கறப்ப நெஞ்சு அடைச்சுப் போகுது. 2002ல புலிட்சர் பரிசு கெடைச்சுது, நாடகத்துக்குப் புலிட்சர் வாங்கின முதல் கறுப்பினப் பெண் பார்க்ஸ்தான்.

இவங்களுக்கு அடுத்து வந்தவங்க இன்னும் துணிஞ்சு போறாங்க. பிராண்டன் ஜேகப்ஸ்-ஜென்கின்ஸ் 2014ல ஆன் ஆக்டரூன்னு ஒண்ணு பண்ணினார், 1859ல பூசிகால்ட் எழுதின ஒரு பழைய அடிமைக் காலத்து மெலோடிராமாவை எடுத்து, தன்னையே ஒரு பாத்திரமா உள்ள வெச்சு, கறுப்பு நடிகர் வெள்ளை பூசிக்கிட்டு வெள்ளைக்கார முதலாளியா ஆடறாப்ல மாத்தினார். அதுல ஒரு இடம் மறக்க முடியாதது. பழைய நாடகத்தோட உச்சக்கட்டத்துல கொலைகாரன் யாருன்னு ஒரு போட்டோ காட்டிக் குடுக்கும், 1859ல போட்டோவே அதிசயம், கூட்டம் வாயடைச்சுப் போயிருக்கும். இன்னைக்கு எல்லார் பாக்கெட்லயும் கேமரா இருக்கறப்ப அது யாரையும் உலுக்காது. அதனால நடிகருங்க கதையை நிறுத்திட்டு, இந்த இடத்துல அந்தக் காலத்துல இப்படி ஆகியிருக்கும்னு நமக்கு விளக்கறாங்க, விளக்கிட்டே இருக்கறப்ப ஒரு நெசமான போட்டோவைப் பெருசா போடறாங்க, மரத்துல அடிச்சுத் தொங்கவிட்ட கறுப்பர்களோட போட்டோ. அதுவரைக்கும் சிரிச்சவங்க சிரிப்பு தொண்டையிலயே நின்னுடும். உத்தி பேசி, உத்தியை விளக்கி, அதுக்கு நடுவுலயே உண்மையைக் கொண்டு வந்து முன்னாடி வெக்கறார்.

ஜாக்கி சிப்லீஸ் ட்ரூரியோட ஃபேர்வியூ 2018ல வந்து அடுத்த வருஷம் புலிட்சர் வாங்குச்சு. முதல்ல ஒரு கறுப்புக் குடும்பம் பாட்டி பிறந்தநாளுக்கு விருந்து தயார் பண்றது, டிவி சீரியல் மாதிரி. அடுத்து அதே அசைவெல்லாம் சத்தமில்லாம திரும்ப நடக்குது, அதுக்கு மேல கண்ணுக்குத் தெரியாத வெள்ளைக்காரங்க குரல், உனக்கு வேற இனமாப் பிறக்கலாம்னா எந்த இனம் வேணும்னு அரட்டை அடிச்சுக்கிட்டு. கடைசியில அந்த வீட்டுப் பொண்ணு பார்வையாளர்ல இருக்கற வெள்ளைக்காரங்களைப் பாத்து, எந்திரிச்சு மேடைக்கு வர்றீங்களா, கொஞ்ச நேரம் நாங்க அங்க உக்காந்து பாக்கறோம்னு கேக்கறா. பாக்கறது யாரு, பாக்கப்படறது யாருங்கற கேள்வியை இதை விட நேரா எப்படிக் கேக்கறது.

எல்லாமே இப்படி இருக்குன்னு சொல்லல. ஜேம்சன் சொன்ன வெறும் நகலும் ஏகத்துக்கு இருக்கு, நாலு ஸ்கிரீன், ரெண்டு மைக், ஒரு பழைய நாடகத்தோட பேரு, உள்ள போனா ஒரு சங்கடமும் இல்ல, ஒரு ஆளும் இல்ல. திருச்சூர்ல 2008ல இருந்து இட்ஃபோக்ங்கற கேரள சர்வதேச நாடக விழா நடக்குது, இங்க இருந்து பஸ் ஏறினா போயிட்டு வந்துடலாம், அங்க உலகத்துல இருக்கற எல்லா ரகமும் பாக்கலாம், அசந்து போனதும் உண்டு, வீடியோவுக்குப் பின்னால ஆளைத் தேடினதும் உண்டு. எந்தக் காயத்துக்காக இந்த நாடகம் நடுவுல நிக்குதுன்னு பாத்தா போதும், வித்தியாசம் தெரிஞ்சுடும்.

இன்னொரு நாடகத்தைச் சொல்லாம விட முடியல, ஆன் வாஷ்பர்னோட மிஸ்டர் பர்ன்ஸ், 2012ல வந்தது. உலகத்துல கரண்ட் போயிருச்சு, அணு உலையெல்லாம் வெடிச்சுடுச்சு, மிஞ்சினவங்க தீ மூட்டி உக்காந்து சிம்ப்சன்ஸ் கார்ட்டூன்ல ஒரு எபிசோடை ஞாபகப்படுத்திப் பாக்கறாங்க, அந்த டயலாக் என்ன, இல்ல இல்ல அவன் அப்படிச் சொல்லல. ஏழு வருஷம் கழிச்சு அதையே நாடகமா போட்டுப் பொழைக்கறாங்க. இன்னும் எழுபத்தஞ்சு வருஷம் போனா அது பாட்டும் முகமூடியுமா ஒரு சாமி காரியம் மாதிரி ஆயிடுது, அணுவுல செத்தவங்களோட துக்கமெல்லாம் அதுக்குள்ள ஏறியிருக்கு. அந்த எபிசோடே ஒரு பழைய சினிமாவைக் கிண்டல் பண்ணினதுங்கறது வேற. பாரதப்புழைக் கரையோரம் பகவதி கோயில் கூத்துமாடத்துல தோல்பாவைக்கூத்து நடக்கறப்ப, எதிர்ல மனுஷங்க யாரும் இல்லாட்டியும் திரைக்குப் பின்னால தேங்காமுறி வெளக்கு வரிசையா எரிய, மலையாள நாட்டுல கம்பனோட தமிழ்ப் பாட்டை விடிய விடியச் சொல்லி, நடுவுல நிறுத்தி வியாக்கியானம் பண்ணி, அந்தப் பாவை அப்படியே அசையாம நிக்க, இவங்க வாதாடிக்கிட்டு இருக்கறதைக் கேட்டவங்களுக்கு வாஷ்பர்ன் சொல்றது கற்பனைன்னே தோணாது. ஒரு கதை ஊரு விட்டு ஊரு வந்து, மொழி மாறின இடத்துலயும் ஒட்டிக்கிட்டு, சொல்றவங்க துக்கத்தையும் சேத்துக்கிட்டு வாழும்.

படிக்க ஆரம்பிக்கறவங்க டாப்டாக்/அண்டர்டாக்ல ஆரம்பிங்க, ஒரே உக்கார்ல முடிச்சுடலாம், அப்பறம் ஏஞ்சல்ஸ். ஏஞ்சல்ஸை மைக் நிக்கல்ஸ் 2003ல எச்.பி.ஓ. டிவிக்கு சீரியலா எடுத்திருக்கார், நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல கம்பி தெரியாது, அதனால புத்தகத்தை முதல்ல படிச்சுட்டுப் பாருங்க. டாப்டாக்ல முதல் காட்சியைத் தமிழ்ல சும்மா உக்காந்து சத்தமா வாசிச்சுப் பாக்கலாம்னு ஒரு யோசனை இருக்கு, மேடை வேண்டாம் லைட் வேண்டாம், ரெண்டு குரல் வேணும், ஒரு சீட்டுக்கட்டு வேணும். பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் இருக்கறவங்க, அண்ணன் தம்பியா ரெண்டு பேரு வந்தீங்கன்னா இன்னும் நல்லது, சொல்லுங்க, ஒரு ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம்.